ஆன்சலா ரீச்சரின் சோடி அட்டைகள்

ஆன்சலா ரீச்சரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. அவர் பயந்தவர்தான், நான் மறுக்கவில்லை. பஸ் ரயர் வெடித்தால் முதல் ஆளாக நிலத்தில் படுக்கிறவர் அவர். தென்னோலை விழுந்தால் நெஞ்சில் சிலுவை போடுவார். மாட்டுக்குப் பயம், மின்னலுக்குப் பயம், கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனுசி, கடலுக்கும் பயம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் என் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டு ஒருவரும் சும்மா போக முடியாது. போன வருசம் கார்த்திகை மாதம் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை கிட்ட நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.

என் பெயர் சிவலட்சுமி. ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளுக்குப் போகிற பாதையில் குளக்கட்டோடு இருக்கிறது எங்கள் ஊர். எல்லாரும் வயல் செய்கிறவர்கள். எனக்கு வாய் கொஞ்சம் கூட என்று என் மனுசன் சொல்லுவார், ஊரும் சொல்லும். மூத்தவள் நிறஞ்சனாவுக்கு அப்போது ஐந்து வயது. தம்பி டினோஜனுக்கு மூன்றரை.

ரீச்சர் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. தகப்பன் தோமஸ் கரைவலை இழுத்தவர். தொண்ணூறில் சண்டை வந்தபோது கடற்கரையை விட்டு வெளிக்கிட்ட குடும்பம். அதற்குப் பிறகு எத்தனை இடம் மாறினீர்கள் என்று கேட்டால், தாய் சூசையம்மா விரல் மடித்து எண்ணத் தொடங்கிப் பாதியில் கையை உதறிவிடுவார். தகப்பன் ஒரு இடப்பெயர்வில் மலேரியா வந்து செத்துப்போனார். தாயும் மகளும் கடைசியாக எங்கள் ஊரில் வந்து ஒதுங்கினார்கள். தொண்ணூற்றெட்டுக் கடைசியில் ஆமி வர, நாங்களும் அவர்களும் ஒன்றாக ஓடினோம். ஒரு வருசம் கழித்து ஆமி போன பிறகு ஒன்றாகவே திரும்பி வந்தோம்.

வந்து பார்த்தால் வீடுகளுக்குக் கூரை இல்லை. ஊரின் பின்பக்கம் நீளத்துக்கு ஆமி கட்டிய மண்ணணை கிடந்தது. மண்ணணைக்கு அங்கால் மிதிவெடி என்று எல்லாருக்கும் தெரியும். இங்காலும் இருக்கிறதா என்பது ஒருவருக்கும் தெரியாது. மாட்டை முன்னால் சாய்த்துவிட்டு அதன் காலடியைப் பார்த்துத்தான் எங்கள் சொந்த வளவுக்குள் போனோம். இரவில் பிள்ளைகள் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் வாசலிலேயே விடுவோம். அப்படித்தான் இருந்தது பயம். பழகிப் போகும் என்று சொல்லுவார்கள். எனக்குப் பழகவில்லை.

மாசி மாதம் ரீச்சர் முன்பள்ளி தொடங்கினார். நாலு மரக் கப்பும் தகரக் கூரையும் கிடுகுத் தட்டியும்தான் பள்ளிக்கூடம். இருபத்திரண்டு பிள்ளைகள். விளையாட்டுச் சாமான் ஒன்றும் இல்லை. உடைந்துபோன ஒரு அலுமாரிக் கதவை எடுத்து, அதில் பதினாறு கட்டம் கீறினார் ரீச்சர். நிவாரண பிஸ்கட் பெட்டி மட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, பழைய கலண்டரிலும் சவர்க்காரப் பேப்பரிலும் இருந்த படங்களைக் கோதுமை மாப் பசையால் ஒட்டினார். ஒவ்வொரு படத்திலும் இரண்டு. இரண்டு மயில், இரண்டு பூசணிக்காய், இரண்டு சைக்கிள். கலண்டர் படம் ஒன்றுதான் கிடைத்தால் மற்றதைத் தானே கீறிவிடுவார். அவர் கீறிய யானை பன்றி மாதிரி இருக்கும், பிள்ளைகள் அதையும் யானை என்று ஒத்துக்கொள்ளுவார்கள்.

அட்டைகளைக் கலைத்துப் படம் தெரியாமல் கட்டங்களில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே படமென்றால் அது சோடி, எடுத்து வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இருந்த இடத்திலேயே திரும்பக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்தப் படம் கிடக்கிறது என்பதை நினைவு வைத்திருக்கிற பிள்ளைக்குத்தான் சோடி கிடைக்கும். முதலில் இதுகளுக்குப் பொறுமை இல்லை. ஒன்றைக் கண்டவுடன் "மயில் அங்கை, மயில் அங்கை" என்று கத்தும். பக்கத்துப் பிள்ளை எடுத்துவிடும். பிறகு அழுகை. என் மகன் டினோஜனென்றால் தோற்றவுடன் கையில் இருக்கிற அட்டையை முகத்துக்கு நேரே எறிவான்.

"சொல்லிப் போட்டால் மற்றவை எடுத்திடுவினம்" என்று ரீச்சர் குசுகுசுத்துச் சொல்லிக் கொடுப்பார். "கண்டதை மனசுக்குள்ளை வையுங்கோ. வாயிலையும் காட்டக் கூடாது, முகத்திலையும் காட்டக் கூடாது. சரியே?"

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் இருபத்திரண்டும் வாயை இறுக்கிக்கொண்டு, கள்ளச் சாமியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பலகையைச் சுற்றி இருக்கும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். என் மகளை வெல்ல ஒருவரும் இல்லை என்பதில் பெருமையும் இருந்தது. ஆனாலும் ஆனா ஆவன்னா படிப்பிக்காமல் இதென்ன விளையாட்டு என்று ரீச்சரோடு சண்டைக்குக் கொழுவாத கிழமை இல்லை.

புரட்டாதி மாதம் மிதிவெடி விளக்கம் சொல்லுகிற பெடியன் ஒருவன் சைக்கிளில் வந்தான். பெரிய படத்தாள் ஒன்றை விரித்துக் காட்டினான். சப்பாத்துப் பொலிஷ் டின் மாதிரிப் பச்சை வட்டமாக ஒன்று, மரப்பெட்டி மாதிரி ஒன்று, செல், கைக்குண்டு. "கண்டால் தொடக் கூடாது, பெரியாக்களுக்குச் சொல்ல வேணும்" என்று பிள்ளைகளை மூன்று தரம் சொல்ல வைத்தான். ஒரே மாதிரித் தாள் இரண்டு தந்துவிட்டுப் போனான். ரீச்சர் அவற்றைச் சுருட்டிக் கப்புக்கு மேலே செருகினார். அந்தப் படத்தைத் தட்டியில் பார்த்துக்கொண்டு இருக்கவே அவருக்குப் பயம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்திருந்த நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ரீச்சர், உந்த மயிலையும் பூசணிக்காயையும் நினைவு வைச்சு இதுகள் என்னத்தைக் காணப் போகுதுகள்? படம் ரண்டு இருக்கெல்லே. வெட்டி அட்டையிலை ஒட்டி விடுங்கோ. நூறு தரம் திருப்பிப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காதுகள்."

"வேண்டாம் அக்கா. உதுகளைப் பார்க்கவே எனக்கு நெஞ்சு இடிக்குது."

"உங்களுக்கு எதைப் பார்த்தால்தான் இடிக்காது?" என்றேன் நான்.

நின்ற தாய்மார் எல்லாரும் சிரித்தார்கள். ரீச்சர் காது சிவந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டும்போது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அதற்கும் சிரித்தேன்.

கிழமை இரண்டு போகவில்லை, எங்கள் பிள்ளைகள் அந்தச் சாமான்களை மயிலை விட நன்றாக அறிந்துகொண்டார்கள். நாங்கள் சந்தோசப்பட்டோம். பச்சை வட்டத்தின் சோடியை எடுக்கிற பிள்ளைக்குத் தாய்மாரும் நின்று கைதட்டுவோம். தொடாதே என்று வாய்க்குப் படிப்பித்தோம். கண்டால் எடு, எடுத்தால் வெற்றி என்று கைக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். இதை யோசிக்க எங்களில் ஒருத்திக்கும் மூளை வேலை செய்யவில்லை.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. குளம் முட்டி, மண்ணணை பல இடத்தில் கரைந்து சரிந்தது. ஐந்தாம் நாள் காலை வெளித்தது. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவது தாய்மார் முறை வைத்துச் செய்கிற வேலை. அன்று என் முறை. நான் வெள்ளெனப் போய் அடுப்பு மூட்டினேன். நிறஞ்சனாவையும் தம்பியையும் ரோட்டால் நேரே வரச் சொல்லிவிட்டுத்தான் போனேன். ரோட்டால் வந்தால் மண்ணணையோரப் பற்றைக்காட்டுப் பக்கம் வரத் தேவையே இல்லை.

பத்துப் பதினைந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பழனியாண்டி அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரீச்சர் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தேன். பாட்டு நடுவில் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். பற்றை முடிகிற இடத்தில், நாற்பது அடி தூரத்தில், என் மகள் வந்துகொண்டிருந்தாள். கோயிலுக்குத் தட்டுக் கொண்டுபோவது போல இரண்டு கையையும் நீட்டிப் பிடித்திருந்தாள். கையில் பச்சை வட்டம்.

கத்த வாய் திறந்தேன், ஓடக் கால் எடுத்தேன். ரீச்சர் என் மேல்கையைப் பிடித்தார். நகம் சதைக்குள் இறங்கியது.

"கத்தாதேங்கோ அக்கா. நீங்கள் ஓடினால் அவளும் உங்களிட்டை ஓடி வருவாள்."

நான் நின்றேன். என்னை நிற்கவைத்தது அந்த ஒரு வசனம்தான். ரீச்சர் திரும்பி, பழனியாண்டி அண்ணனிடம் பிள்ளைகளை ரயில் விட்டு ரோட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அந்த மனுசன் கேள்வி கேட்கவில்லை. பிள்ளைகள் ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு கூவிக்கொண்டு போனார்கள். ரீச்சர் என் கையை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மகளை நோக்கி நடந்தார். பத்து அடி தூரத்தில் நின்றார். விளையாட்டில் பேசுகிற அதே குசுகுசுத்த குரலில் பேசினார்.

"நிறஞ்சனா, அதிலை நில்லு பிள்ளை. என்ன கொண்டந்தனி?"

"பச்சை வட்டம் ரீச்சர்! சோடி கிடைச்சிட்டுது!"

"வடிவாய்ப் பார்த்தனியே? எனக்கெண்டால் சோடி இல்லை மாதிரிக் கிடக்கு."

"சோடிதான்."

"இல்லைப் பிள்ளை, பிழைச்சுப் போச்சு. பிழைச்சால் என்ன செய்யிறது?"

என் மகளின் வாய் கோணியது. அவளுக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. "திருப்பி வைக்கிறது" என்றாள்.

"ஓம். அதிலையே குந்தி, உன்ரை காலடியிலை மெதுவாய் வை."

அவள் குந்தினாள். குந்தியவள், பலகையில் அட்டையைக் கவிழ்ப்பது போல அதையும் கையில் வைத்துக் கவிழ்க்கத் தொடங்கினாள். மேலே அமத்தினால் வெடிக்கிற சாமான் அது. தலைகீழாக நிலத்தில் வைத்து உள்ளங்கையால் ஒருதரம் அமத்துவாள், எப்போதும் அப்படித்தான் அட்டையை அமத்தி வைப்பாள்.

"திருப்பாதை!" ரீச்சரின் குரல் கொஞ்சம் உயர்ந்து, உடனே இறங்கியது. "இண்டைக்குப் படம் மேலை பார்த்தபடி வை, குஞ்சு. ரீச்சருக்குப் பார்க்க வேணும். அமத்தாதை."

வைத்தாள். "இப்ப என்னட்டை வா, நடந்து வா" என்றார். வந்தாள். ரீச்சர் அவளை அப்படியே திருப்பி என்னிடம் அனுப்பினார். நான் பிள்ளையைக் கட்டிப் பிடித்தேன் என்று சொன்னால் பொய். முதுகில் ஓங்கி ஒன்று போட்டேன். அவள் வீறிட்டாள்.

"அது சோடிதான் அம்மா! ரீச்சர் பொய் சொல்லுறா! மற்றது தம்பியிட்டைக் கிடக்கு. அவன் பின்னாலை வாறான்."

ரீச்சருக்கு அது கேட்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலத்தில் கிடந்ததைச் சுற்றிக்கொண்டு பற்றைப் பாதையில் உள்ளே போனார். ஒவ்வொரு அடிக்கும் நிலத்தைப் பார்த்து, பிள்ளையின் சின்னக் காலடிக்கு மேல் தன் காலை வைத்துப் போனார். மகளை மடியில் அமத்திக்கொண்டு நான் நிலத்தில் இருந்தேன். தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். ரீச்சரின் மாதாவையும் கூப்பிட்டேன்.

டினோஜன் தெரிந்தான். ஒரு கையால் கழன்று விழுகிற கால்சட்டையைப் பிடித்திருந்தான். மற்றக் கையில் அது, தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கி வருவது போல ஆடிக்கொண்டு வந்தது. அக்கா தன்னை விட்டுவிட்டு முன்னால் போன கோபத்தில் மூக்கு வடிய வந்தான். கோபம் வந்தால் அவன் எறிவான்.

ரீச்சர் அவன் முன்னால் முழந்தாளில் இருந்தார்.

"டினோஜன் ராசா, வெண்டது ஆர்?"

"அக்கா" என்று சிணுங்கினான்.

"ஆர் சொன்னது? நீதான் வெண்டனி. தா, ரீச்சர் எடுத்து வைக்கிறன்."

"தரமாட்டன். எறிவன்." கையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

ரீச்சர் அசையவில்லை. கை நீட்டவும் இல்லை. ஒருதரம் சேவலைப் பிடிக்கப் போய், அது கொத்த வர ஊரெல்லாம் சிரிக்கப் பயந்தோடிய மனுசி, அந்தக் கைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"எறியலாம் ராசா, பிறகு எறியலாம். எனக்கு ஒருக்கால் காட்டிப் போட்டு எறி. நான் இன்னும் அதைக் காணேல்லை."

அவன் யோசித்தான். கையை இறக்கி முன்னால் நீட்டினான். ரீச்சர் தன் உள்ளங்கையை அதற்குக் கீழே கொண்டுபோனார்.

"ஐயோ ராசா, கால்சட்டை கழண்டு போகுது. ரண்டு கையாலையும் பிடி!"

அவன் பதறி இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்தான். அது ரீச்சரின் கையில் இருந்தது. பக்கத்தில் வைத்தார். வைத்தபிறகும் கை அதிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போன அடியிலேயே காலை வைத்துத் திரும்பி வந்தார். என் மடியில் அவனை விட்டார். நாலு அடி தள்ளிப் போய்க் குனிந்து, ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். அவருடைய பாவாடை நனைந்திருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. ஊர்ச்சனம் முழுதும் ரோட்டடிக் கடை விறாந்தையில் கூடியிருந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒரு தகப்பன் ரீச்சருக்கு நேரே கையை நீட்டிக் கேட்டார்.

"எந்த மூளை கெட்ட ஆள் உதுகளைக் கொண்டுபோய் விளையாட்டிலை போட்டது?"

"நான்தான் அண்ணை" என்றார் ரீச்சர்.

என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. வாய்க்காரி என்று பெயரெடுத்த நான் மகனின் தலையில் பேன் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். பயந்தேன். யார் பயந்தாங்கொள்ளி என்பதை இனி ஊர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

சனம் கொஞ்சம் ஓய்ந்ததும் நான் மகளைப் பிடித்து உலுக்கினேன். "எங்கையடி எடுத்தனி? எப்ப கண்டனி?"

ஒன்றைக் கண்டு எட்டு நாள் ஆகிறது என்றாள். மண்ணணைக்கு இங்கால், நாங்கள் விறகு பொறுக்குகிற இடத்தில். மழைக்குப் பிறகு இன்று காலை மற்றதும் வெளியே தெரிந்தது. சோடி சேர்ந்தது, எடுத்தாள்.

"எட்டு நாளாய் ஏன் அம்மாட்டைச் சொல்லேல்லை?"

என்னை விளங்காதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சொன்னால் மற்றவை எடுத்திடுவினம்."

விறாந்தைக் கப்பில் சாய்ந்திருந்த ரீச்சர் நிமிர்ந்தார். அவர் முகம் பற்றைக்குள் போனபோதுகூட அப்படி வெளிறியிருக்கவில்லை. எழும்பிப் போய், இருபத்திரண்டு பிள்ளைகளையும் வரிசையாக விறாந்தையில் இருத்தினார். மிதிவெடி எடுக்கிறவர்களையும் கிட்ட வரச் சொன்னார். பிள்ளைகளுக்கு முன்னால் தானும் நிலத்தில் இருந்தார்.

"செல்லங்கள், ரீச்சர் பிழையாய்ச் சொல்லித் தந்திட்டன். அந்த விளையாட்டு இனி இல்லை. பலகையிலை இருந்த மாதிரிச் சாமான் எங்கையாவது கண்டு மனசுக்குள்ளை வைச்சிருக்கிறவை கையைத் தூக்குங்கோ. ஆருக்கும் அடி விழாது. ஒருத்தரும் அதை எடுக்க மாட்டினம்."

ஒரு கையும் எழவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்தார்கள். ரீச்சர் இன்னொருதரம் சொன்னார். பழனியாண்டி அண்ணனின் பேரப்பிள்ளை மெல்லக் கையைத் தூக்கினான். "எங்கடை கிணத்தடியிலை ஒண்டு" என்றான். தாத்தா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பிறகு இன்னொரு கை. பிறகு இரண்டு. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம், பள்ளிக்கூடத்துக்கு வருகிற பாதையில் புளியமரத்தடி. சொல்லச் சொல்லத் தாய்மார் வாயில் சீலையை வைத்துக்கொண்டு அழுதார்கள். மிதிவெடி எடுக்கிறவன் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தான்.

ஆறு கையோடு நின்றுவிட்டது.

மிச்சம் பதினாறு பிள்ளைகள். அவர்களில் யார் ஒன்றும் காணாத பிள்ளை, யார் கண்டதை மனதில் வைத்திருக்கிற பிள்ளை என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரீச்சர் முழந்தாளில் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு முகத்துக்கும் கிட்டப் போய்ப் பார்த்தார். பதினாறு பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.